மூன்று வருட இனிப்பும் மூன்று மணிநேர இனிப்பும்

சென்ற சித்திரையில் ரொறன்ரோவிலிருந்து வந்த நண்பர் ஒருவர், மன்னாரில் என் மேசைமீது ஐரிஷ் விஸ்கிப் போத்தல் ஒன்றை வைத்தார். "மச்சான், முதலில் மணந்து பார். வனிலா தெரியுதா?" என்றார்.

தெரிந்தது. மூக்கில் வனிலா, பழுத்த பேரிக்காய், நாக்கில் தேன். தொண்டையைத் தாண்டியதும் ஒன்றுமில்லை. இளஞ்சரக்கு. இனிப்பு முன்னே ஓடுகிறது. பின்னால் வருவதற்குக் கனம் இல்லை. குறை சொல்லவில்லை, நல்ல சரக்குத்தான். ஆனால் அந்த வனிலா அயர்லாந்தின் வயலில் விளைந்ததல்ல. அமெரிக்கச் சட்டப்படி பேர்பன் விஸ்கியை உட்புறம் கரித்த புதிய ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்களை ஐரிஷ்காரர் வாங்குகிறார்கள். நண்பர் வியந்த மணத்தில் பாதி, அந்தப் பழைய பலகை தந்தது.

மறுநாள் காலை அவரைப் பேசாலைக்கு அப்பால் ஒரு பனங்கூடலுக்கு அழைத்துச் சென்றேன். அப்போதுதான் இறக்கிய முட்டி. பிளாவில் வார்த்துக் கொடுத்தார்கள். நண்பர் முகத்தைச் சுளித்தார்: "சீ, மணக்குது."

நேற்று 'மணந்து பார்' என்றவர் இன்று 'மணக்குது' என்கிறார். சொல் ஒன்றுதான், மரியாதைதான் வேறு.

நான் அருந்தினேன். முதலில் பாளையின் இனிப்பு, அடுத்து மெல்லிய புளிப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் அது கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. தடவாவிட்டால் காற்றிலுள்ள மதுவம் உடனே வேலையைத் தொடங்கிவிடும். அயர்லாந்தின் 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி, மரப்பீப்பாயில் மூன்று வருடமாவது கிடக்காதது விஸ்கியே அல்ல. நமது பானத்துக்கு மூன்று மணிநேரம் போதும். அதற்கென்று ஒரு சுவை அகராதி எழுத நாம் மெனக்கெட்டோமா?

இல்லை. ஏனென்று நமக்குத் தெரியும். கள்ளை விரும்பினோம், அதை இறக்கியவரை முற்றத்தோடு நிறுத்தினோம். காலையும் மாலையும் உயிரைத் தளநாரில் கட்டிக்கொண்டு ஏறியவரின் தொழில்நுட்பம் நமக்குத் தொழில்நுட்பமாகவே தெரியவில்லை. நண்பரின் முகச்சுளிப்பு நாக்கிலிருந்து வந்ததல்ல. அது சாதியிலிருந்து வந்தது. இன்று அந்தத் தொழிலாளரின் பிள்ளைகள் மரமேற மறுக்கிறார்கள் என்று புலம்புகிறோம். அவர்கள் மறுப்பது மரத்தை அல்ல, நம் பார்வையை.

தமிழ்நாட்டின் கதை இன்னும் விசித்திரமானது. 1987இல் கள்ளுக்குத் தடை. 2003இலிருந்து மதுவின் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக்குக்கே உரியது. பனையில் வடிந்தால் குற்றம். ஆலையில் வடித்தால் வருவாய்.

குடியால் அழிந்த குடும்பங்களை இந்தக் கரையோரக் கிராமங்களில் நானும் பார்த்திருக்கிறேன். குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் ஏறத்தாழ ஐந்து வீத மதுச்சாரமுள்ள கள்ளை இழிவென்று ஒதுக்கிவிட்டு, நாற்பது வீதப் போத்தலை வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் வைப்பதை மதுவிலக்கு என்று ஏற்கமாட்டேன். தவறணையை மூடினால் கசிப்பு திறந்துகொள்ளும்.

1980 வாக்கில் அயர்லாந்துத் தீவில் எஞ்சியிருந்த விஸ்கி வடிசாலைகள் இரண்டே: மிடில்ரன், புஷ்மில்ஸ். பின்னாளில் அந்த எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. பெயருக்கு வரைவிலக்கணம் இருந்தது. அதைச் சட்டம் காத்தது. தன் பானத்தைச் சொல்ல அந்த நாடு வெட்கப்படவில்லை. நமக்கும் 1978இலிருந்து பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. 2022இல் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுவாவுக்கு முடிந்தது பனைக்கு ஏன் முடியாது? போரில் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டவை போக, இன்னும் மரங்கள் நிற்கின்றன. முதலில் ஏறுகிறவருக்கு நியாயமான விலையும் விழுந்தால் காப்புறுதியும் கொடுங்கள்.

நண்பர் பிளாவைப் பாதியில் கீழே வைத்தார். மீதியை நான் குடித்தேன். போத்தலில் இன்னும் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது.