சொந்தக் காரணம்

பொட்டி தட்டுற எங்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. ஒரு சாஃப்ட்வேர் படுத்துடுச்சுன்னா, ஏன் படுத்துச்சுன்னு எழுதாம அந்தக் கேஸை மூடக்கூடாது. காரணம் எழுதுற இடத்துல ஒரு பட்டியல் இருக்கும். அதுல கடைசியா ‘பயனாளர் தவறு’ன்னு ஒண்ணு. ஒண்ணும் புரியலைன்னாலும் சரி, புரிஞ்சுக்க நேரமில்லைன்னாலும் சரி, அதைத் தட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம். யாரும் திருப்பிக் கேட்க மாட்டாங்க.

எங்க தஞ்சாவூர்ப் பக்கம் தற்கொலை பண்ணிக்கிட்ட மனுஷனுக்கும் இதே மாதிரி ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. ‘சொந்தக் காரணம்’.

கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம். மேட்டூரை ஜூன் 12ல திறந்தாத்தான் டெல்டாவுல குறுவை. 2012ல இருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் அந்தத் தேதியில திறக்கவே இல்லை. 2016ல திறந்தது செப்டம்பர் 20. சரி, குறுவைதான் போச்சு, சம்பாவையாவது பார்ப்போம்னு விதைச்சாங்க. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. கதிர் வர வேண்டிய நேரத்துல பயிர் காய்ஞ்சு நின்னுச்சு.

2017 ஜனவரி முதல் வாரத்துல, ஒரே மாசத்துல 106 விவசாயிகள் இறந்ததா வந்த பத்திரிகைச் செய்திகளைப் பார்த்துட்டு தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஜனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததா அரசே அறிவிச்சது. ஏப்ரல்ல அதே அரசு உச்சநீதிமன்றத்துல என்ன சொல்லிச்சு தெரியுமா? வறட்சியால எந்த விவசாயியும் சாகலையாம். தற்கொலை பண்ணிக்கிட்டவங்க எல்லாம் சொந்தக் காரணத்தாலதானாம்.

அந்தக் கட்சி, இந்தக் கட்சின்னு நான் இங்கே பேச வரலை. யார் இருந்தாலும் அந்தப் பேப்பர்ல அதே வார்த்தைதான் வந்திருக்கும். என் கேள்வி வேற. ‘சொந்தக் காரணம்’னு யாரைக் கேட்டு எழுதினாங்க?

ஒரு சாவு விழுந்ததும் போலீஸ் வரும், விசாரணை அறிக்கை எழுதும். அப்புறம் வி.ஏ.ஓ. வருவார். பட்டா யார் பேர்ல? அடங்கல்ல பேர் இருக்கா? கூட்டுறவு சங்கத்துல கடன் இருக்கா? இவ்வளவுதான் கேள்வி. டெல்டாவுல கோயில் நிலம், மடத்து நிலம்னு குத்தகைக்கு உழறவங்க எத்தனை பேர்! நிறையப் பேருக்கு வாய்ப்பேச்சுதான், துண்டுச்சீட்டு கூட இருக்காது. அப்பா பேர்ல இருக்கிற ரெண்டு ஏக்கர்ல இருபத்தஞ்சு வயசுப் பையன் உழுது விதைச்சிருப்பான். காகிதத்தைப் பார்த்தா அவன் விவசாயியே இல்லை. கடன் கைமாத்தா வாங்கினது, அதுவும் காகிதத்துல இல்லை.

ஆனா அந்த வீட்டுல ஒருத்தருக்கு எல்லாம் தெரியும். கடன் எவ்வளவுங்கிறது சங்கத்தைவிட, அடகு வைக்கத் தோட்டைக் கழட்டிக் கொடுத்த அம்மாவுக்கு நல்லாத் தெரியும். எந்தத் தேதியில வட்டிக்காரர் வாசல்ல நின்னு கத்தினார், எந்த நாள்ல இருந்து பையன் டீக்கடைக்குப் போறதை நிறுத்தினான், ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து திண்ணையில உட்கார்ந்தான்.. எல்லாம் அவங்களுக்குத் தெரியும். அவங்ககிட்ட ஒரு கையெழுத்தோ கைநாட்டோ வாங்குறதோட விசாரணை முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் அவங்க பேர் வர்ற ஒரே காகிதம் வாரிசு சான்றிதழ்தான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 கணக்குப்படி இந்தியாவுல 1,70,924 தற்கொலைகள். அதுல தமிழ்நாட்டுல மட்டும் 19,834. நாட்டு அளவுல இறந்தவங்கள்ல நூத்துக்கு எழுபதுக்கு மேல ஆண்கள். காரணங்கள்ல முதல் இடத்துல ‘குடும்பப் பிரச்சினை’, 31.7 சதவீதம். தண்ணி வரலை, பயிர் போச்சு, கடன் ஏறுச்சு, மரியாதை போச்சு, வீட்டுல சண்டை வந்துச்சு. இந்த வரிசையில கடைசியா நடந்ததை மட்டும் எடுத்து எழுதினா ‘குடும்பப் பிரச்சினை’தான் வரும். லாக் ஃபைல்ல கடைசி வரியை மட்டும் படிச்சுட்டுக் காரணம் கண்டுபிடிச்சேன்னு சொல்ற மாதிரி இது. எந்தத் தற்கொலைக்கும் ஒரே ஒரு காரணம் கிடையாதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க திரும்பத் திரும்பச் சொல்றாங்க. இறந்தவரோட நெருங்கினவங்ககிட்ட உட்கார்ந்து, பொறுமையாப் பேசி, அவரோட கடைசி மாசங்களைத் தெரிஞ்சுக்கிற முறைக்கே உளவியல் பிரேதப் பரிசோதனைன்னு பேர். சென்னையில டாக்டர் லட்சுமி விஜயகுமார் இதைத் தொண்ணூறுகள்லயே செஞ்சு காட்டியிருக்கார்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட ரொம்ப நாளா ஒரு நம்பிக்கை இருந்தது. தற்கொலை வெள்ளைக்காரங்க பிரச்சினை, அடிமைத்தனத்தையே தாங்கின நம்ம ஆளுங்க இதெல்லாம் செய்ய மாட்டாங்க, அப்படின்னு. அதனால மகனைப் பறிகொடுத்த தாய் ‘விபத்து’ன்னு சொல்லிட்டு அழுதா. மனநல மருத்துவர் ஆல்வின் பூசன்ட், பத்திரிகையாளர் ஏமி அலெக்சாண்டர் ரெண்டு பேரும் சேர்ந்து 2000ல இந்த மௌனத்தைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினாங்க. டோனா ஹாலண்ட் பார்ன்ஸ்னு ஒரு சமூகவியல் ஆய்வாளர். தன் மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தவர். அதே விஷயத்தை ஆராய்ச்சியா எடுத்து, தன்னை மாதிரி குடும்பங்களுக்காக ஒரு அமைப்பையும் சேர்ந்து தொடங்கினார். கேள்வி கேட்கிறவரே ஒரு அம்மாவா இருக்கும்போது பதில் வேற மாதிரிதான் வரும்.

நம்ம ஊர்லயும் ‘மண்ணை நம்பினவன் எதையும் தாங்குவான்’னு பெருமையாச் சொல்றோம். தாங்க முடியாதவன் அப்போ என்ன செய்வான்? யார்கிட்ட சொல்வான்?

நம்ம நாட்டுல யாருமே கேட்கலைன்னு சொல்ல மாட்டேன். விதர்பாவுல கணவனை இழந்த பெண்களைத் தேடிப் போய் கோட்டா நீலிமா எழுதின புத்தகம் 2018ல வந்தது. அவசியமான வேலை. ஆனா கல்யாணம் ஆகாத பையன் இறந்தா அங்கே மனைவி கிடையாது, அம்மா மட்டும்தான். கல்யாணம் ஆனவன்னா இன்னும் கொடுமை. ‘உன் வளர்ப்பு’ன்னு ஒரு பேச்சு, ‘வந்தவ ராசி’ன்னு ஒரு பேச்சு. ஒரே சாவுக்கு அழற மாமியாரும் மருமகளும் ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லிக்கிட்டு ஒரே கூரைக்குக் கீழே இருக்கணும்.

எங்க பக்கம் ஒப்பாரின்னு ஒண்ணு இருக்கு. அதை வெறும் அழுகைன்னு நினைக்காதீங்க. செத்தவன் எப்படி வாழ்ந்தான், யார் கைவிட்டாங்க, என்ன குறை வெச்சுட்டுப் போனான்னு ஊரே கேட்க ஒரு பொம்பளை சொல்ற வாக்குமூலம் அது. தற்கொலைன்னா அதுக்கும் வழி இல்லை. ஆஸ்பத்திரியில இருந்து உடம்பு வந்ததும் ‘சீக்கிரம் எடுங்கப்பா’ம்பாங்க. சொல்ல வேண்டியது அவங்க தொண்டையிலேயே நின்னுடும்.

கேட்டா என்ன ஆயிடப் போகுதுன்னு நீங்க கேட்கலாம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம், சென்னை ‘சினேகா’ அமைப்போட ஆய்வாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க. பூச்சிமருந்தை வீட்டுல வைக்காம ஊருக்குப் பொதுவான இடத்துல பூட்டி வைக்க ஏற்பாடு. அந்த ஊர்கள்ல தற்கொலை குறைஞ்சதுன்னு 2013ல கட்டுரை வந்தது. இலங்கையில கொடிய பூச்சிமருந்துகளைத் தடை பண்ணினாங்க. 1995ல உச்சத்துல இருந்த தற்கொலை விகிதம் பத்து வருஷத்துல பாதியாச்சு. ‘சொந்தக் காரணம்’னு ஃபைலை மூடியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?

நான் கேட்கிறது பெரிய விஷயம் இல்லை. 2021ல ஆரம்பிச்ச ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வந்தது. அதே மாதிரி, சாவு நடந்து மூணு மாசம் கழிச்சு, யூனிஃபார்ம் இல்லாத, பட்டா கேட்காத ஒரு ஆள் அந்த வீட்டுக்குப் போகட்டும். கையில ஃபாரம் இருந்தாலும் முதல்ல எழுத வேண்டாம். அந்த அம்மாகிட்ட ‘உங்க பையனைப் பத்திச் சொல்லுங்கம்மா’ன்னு கேட்கட்டும். அவங்களுக்கும் ஒரு பாரம் இறங்கும். அடுத்த வீட்டுப் பையனைக் காப்பாத்த நமக்கும் ஏதாவது தெரியவரும்.

மனசு தாங்க முடியாத நிலையில யாராவது இதைப் படிச்சா, இல்ல உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது அப்படி இருந்தா, தயவு செஞ்சு பேசுங்க. சினேகா: 044-24640050. தமிழக அரசு உதவி எண்: 104. டெலி மனஸ்: 14416. எவ்வளவு சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்லை, கூப்பிட்டுச் சொல்லுங்க.