பூட்டுண்ட கோப்பும் பொதிந்த எழுத்துருவும்

கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் செய்துவந்த வேலையுட் பெரும்பகுதியைப் பவர்பாயிண்ட் விளக்கக்காட்சிகள் ஏற்றுக்கொண்டு பல்லாண்டுகள் ஆயின. அது நன்றோ தீதோ என்னும் வாதத்துள் நாம் இப்பொழுது புகுவதாயில்லை. அங்ஙனம் ஆக்கப்பெற்ற கோப்புக்களுட் சில, படிக்கத் திறக்குமேயன்றித் திருத்தத் திறவா என்னும் ஒரு சங்கடத்தையே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தாம் வருந்தித் தொகுத்த இலக்கிய வரலாற்றுப் பாடங்களைக் கோப்புக்களாக நம்மிடம் ஒப்புவித்துச் சென்றார். அவற்றுள் ஒன்றில் ஓர் ஆண்டு பிழைபட நின்றது. திருத்தப் புகுந்தபொழுது, கட்டுப்பாடுடைய எழுத்துருக்கள் உள்ளே பொதிந்திருத்தலால் திருத்த இயலாது என்னுங் கருத்துப்பட ஓர் அறிவிப்புத் தோன்றிற்று. கடவுச்சொல் யாதென்று சிலர் தேடினர். கோப்பே பழுதுற்றதென்றனர் வேறு சிலர். இரண்டும் அன்று.

நிகழ்ந்தது இதுவே. தம் கோப்பு எந்தக் கணினிக்குச் சென்றாலும் எழுத்துச் சிதையாதிருத்தல் வேண்டுமென்னும் நல்லெண்ணத்தால், அவ்வாசிரியர் சேமிக்கும்போது எழுத்துருவையும் உடன் பொதிந்து வைத்தார். எழுத்துருவினுள்ளே, அதனைப் பிற கோப்புக்களில் எவ்வளவு பொதிக்கலாமென்று ஆக்கியோர் குறித்த எண்ணொன்று உண்டு. அது 0 ஆயின் தடையில்லை. 8 ஆயின் பொதிந்த கோப்பைத் திருத்தலாம். 4 ஆயின் காணலும் அச்சிடலும் மட்டுமே. 2 ஆயின் உரிமையாளர் இசைவின்றிப் பொதித்தலே கூடாது. நம்மைத் தடுத்தது 4 என்னும் எண். அத்தகைய எழுத்துருவைப் பொதிந்த கோப்பு வாசிப்பு நிலையில் மட்டுமே திறத்தல் வேண்டுமென்பது விதி.

எழுத்துரு வரைவோர் கண்ணும் கையும் நோவ உழைப்பவர். அவ்வுழைப்பைப் பிறர் விலையின்றிக் கவராதிருக்க அவர் வேலியிடுதல் நியாயமே. ஆயினும், எழுத்தின் வடிவம் அவருடையது. எழுதிய சொல் ஆசிரியருடையது. ஏடு கட்டிய கயிற்றுக்கு உரியவன், கயிற்றை மீட்பதை விட்டு ஏட்டையே பிடித்து வைத்தல் முறையாகுமோ? கயிற்றை அவிழ்த்து ஏட்டைக் கொள்வதிற் குற்றமில்லை என்பதே நமது அபிப்பிராயம். எழுத்துருவினுட் புகுந்து அந்த எண்ணையே மாற்றிவிடுங் கருவிகளும் உள. அதற்கு நாம் உடன்படோம். அது கயிற்றைத் திருடுவதாகும்.

அவிழ்க்கும் வகை கடினமன்று. கோப்பை ஆக்கியவர் கிடைப்பாராயின், அவர் கணினியிற் சேமித்தலுக்குரிய அமைப்பில் எழுத்துருவைப் பொதிக்கும் குறியை நீக்கி மறுபடி சேமித்தால் போதும். கிடையாராயின், முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்க. 2007-ஆம் ஆண்டு முதல் வழங்கும் பிபிடிஎக்ஸ் கோப்பு, உண்மையிற் பல கோப்புக்களைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் மூட்டையே. அதனை விரித்தால், பொதிந்த எழுத்துருக்களின் பட்டியல் பிரசன்டேஷன் என்னும் எக்ஸ்எம்எல் கோப்பிலும், எழுத்துருக்கள் அவற்றிற்கென்றுள்ள உறையிலும் காணப்படும். பட்டியலையும், அதனோடு தொடர்புறுத்தும் வரிகளையும், எழுத்துருக்களையும் ஒருங்கே நீக்கி மீண்டும் மூட்டை கட்டுக. ஒன்றை நீக்கி மற்றொன்றை விட்டால், கோப்பு பழுதுற்றதென்று முறையிடும். பழைய பிபிடி கோப்புக்களுக்கு இவ்வழி செல்லாது.

நிற்க. ஆங்கிலக் கோப்பாயின் இவ்வளவோடு காரியம் முடிந்தது. வடிவம் மாறுமேயன்றிச் சொல் மாறாது. தமிழ்க் கோப்பின் கதை வேறு. யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்ததாயினும், நம்மவர் நெடுங்காலம் ஆங்கில எழுத்துக்களின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களையே ஆண்டனர். பாமினி என்னும் எழுத்துருவில் 'அம்மா' என்று தோன்றுஞ் சொல், கணினியின் உள்ளத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கின்றது. தமிழ்நாட்டு அரசு 1999-இல் டாம், டாப் என்னும் குறியீடுகளை ஏற்றது. 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் நிலைநாட்டியது. இடைப்பட்ட காலத்துப் பாடங்கள் எத்தனை எத்தனை முறைகளிற் சிதறிக் கிடக்கின்றன! இத்தகைய கோப்பிலிருந்து எழுத்துருவை நீக்கினால், பூட்டோடு தமிழும் போய், பொருளற்ற ஆங்கிலக் குவியலே எஞ்சும்.

அதற்காக அஞ்சிப் பூட்டிலேயே விட்டுவிடுதல் கூடாது. நீக்குமுன் பட்டியலிற் கண்ட எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்க. பெயர் தெரிந்தால் குறியீட்டு முறையை அறியலாம். முறை தெரிந்தால் உருமாற்றிச் செயலியால் அக்குவியலை யூனிகோடுத் தமிழாக்கலாம். இடையே கலந்த ஆங்கிலச் சொற்களும் அப்போது உருமாறிக் கெடுமாதலின், பழைய கோப்பை வாசிப்பு நிலையில் அருகே திறந்து வைத்துக்கொண்டு, வரிவரியாய் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. இவ்வேலையை மாணாக்கர் இருவர் சேர்ந்து செய்தால் விரைவும் திருத்தமும் உண்டாகின்றன. நாம் செய்து கண்டோம்.

இனிப் புதிதாக ஆக்குவோர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமமுடைய யூனிகோடு எழுத்துருக்களை ஆளுவாராயின், பொதித்தாலும் பூட்டு விழாது. பொதிக்கும்போதும், பயன்பட்ட எழுத்துக்களை மட்டும் பொதித்தல் என்னும் தெரிவை விலக்கி, எல்லா எழுத்துக்களையும் பொதித்தல் என்பதையே கொள்க. முன்னதைக் கொண்டால் கோப்பு சிறுக்கும். ஆனால் பின்வந்தவர் திருத்தப் புகும்போது, அவருக்கு வேண்டிய எழுத்து அதிலே இராது.

அவ்வாசிரியரின் பாடங்களுட் பெரும்பாலானவற்றை இம்முறையில் மீட்டுவிட்டோம்; பிழைபட்ட ஆண்டும் திருத்தம் பெற்றது. இரண்டு கோப்புக்கள் மட்டும் நம்மை இன்னும் மயக்குகின்றன. அவற்றின் எழுத்துருப் பெயர் தெரிகின்றது. குறியீட்டு முறை விளங்கவில்லை. பழைய மாணாக்கருள் அச்சகத் தொழிலில் இருந்து இத்தகைய எழுத்துருக்களோடு பழகியவர் எவரேனும் இருப்பின், தமிழ்த் துறைக்கு ஒரு கடிதம் எழுதுவாராக.