கறுப்பு மணலும் இளநீலக் காரும்

செவ்வாய்க்கிழமை இரவு பூதப்பாண்டி அண்ணாச்சி தன் பழைய காரைப் பற்றிப் போனில் கேட்ட கேள்வியால் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. "தம்பி, பேசாம வெள்ளையே அடிச்சிருவமா? டிங்கரும் அதத்தான் சொல்லுகான். பொறவு விக்கதுக்கும் லேசு."

அண்ணாச்சியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். வால்வு ரேடியோக்களைத் தேடித்தேடி வாங்கி, பாடவைத்த பிறகே உறங்கப் போகிறவர். வெள்ளைக் கார்கள் மேல் எனக்கோ ஓர் ஆற்றாமை உண்டு. வடசேரி பஸ் ஸ்டாண்டு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வெள்ளை, வெள்ளி, சாம்பல், மறுபடியும் வெள்ளை. 2010-களிலிருந்து உலகம் முழுக்க அதிகம் விற்பது வெள்ளைக் கார்தான். வெயிலுக்கு நல்லது என்பது உண்மை. ஆனால் வெயில் குறைந்த நாடுகளிலும் வெள்ளையை வாங்குகிறார்கள் என்றால், நிறத்தைத் தேர்ந்தெடுப்பது மறுவிற்பனை விலை பற்றிய பயம்தான்.

அண்ணாச்சியின் கார் 1960-களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவருடைய அப்பா காலத்து வண்டி. ஓட்டுச்சாய்ப்பில் தேங்காய்மட்டைக் குவியலுக்கு அந்தப்பக்கம் பல வருடமாக நின்றது. ஆனி ஆடி மழையும் ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம் இது. கடல் காற்றும் சேர்ந்தால் இரும்பு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் வண்டி பிழைத்திருக்கிறது. அதற்கு அதன் பிறப்பு ஒரு காரணம். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஹெரால்டை வடிவமைத்த காலத்தில், அதைச் செய்த ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு உடல்கூடு செய்து கொடுத்துவந்த கம்பெனியைப் போட்டியாளர் வாங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் பல பட்டறைகளில் தனித்தனியாகச் செய்த பாகங்களைத் தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி அமைத்தார்கள். இத்தாலியின் மிகெலாட்டி வரைந்த உருவம் அது. முன்பக்கம் மொத்தமும் பானெட்டோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 1961 முதல் சென்னையில் வண்டலூருக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் அதைச் செய்தார்கள். அந்த வகையில் ஹெரால்டு தமிழ்நாட்டுக் கார். இங்கே அதைச் செய்த கம்பெனி 1988-இல் நின்றுபோனது.

இந்த வாரம் நான் எழுத நினைத்தது பழைய வண்டிகளுக்கான பதிவு விதியைப் பற்றி. 50 வருடம் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் தனியார் வண்டிகளுக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் தரலாம் என்று 2021 ஜூலையில் ஒன்றிய அரசு விதி செய்தது. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரியான தேவைகளுக்கு மட்டும் ரோட்டில் இறக்கலாம். சேஸிஸ், உடல்கூடு, இன்ஜின் மீதுதான் அந்த விதிக்குக் கவனம். நிறத்தையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்று வாதாடப்போனேன். அதற்குள் அண்ணாச்சியின் வண்டியிலிருந்து ஒரு விஷயம் என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

டேஷ்போர்டின் சிறுபெட்டிக்குள், டிக்கி விரிப்புக்கு அடியில், கதவின் உள்அட்டையைக் கழற்றிய இடத்தில், ஒரு இளநீலம். வெளியே மூன்று தடவையாவது வேறு நிறம் ஏறியிருக்கிறது. எமரி பேப்பரை நனைத்து வட்டமாகத் தேய்த்தபோது வெள்ளை, சந்தனம், சாம்பல் எல்லாம் விலகி அதே நீலம் வந்தது. இந்த மாவட்டத்தில் இந்த நீலத்தில் இன்னொரு ஹெரால்டை நான் பார்த்ததில்லை. பெயிண்ட் கடையில் அந்த உள்அட்டைக்குப் பின்னாலிருக்கும் இடத்தைக் கருவி வைத்து அளந்தால் பொருத்தமான கலவை கிடைக்கும். அசல் பெயிண்ட் கெட்டியாக இருக்கும் இடங்களைப் பாலிஷ் மட்டும் பண்ணி விட்டுவிட வேண்டும் என்பதும், துருப்பிடித்த இடத்தில் மட்டும் பட்டி போட்டு அடிக்க வேண்டும் என்பதும் என் வாதம்.

அப்படிக் கடையில் அளந்து கலவை எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்தபோதுதான் மனசு திசைமாறியது. இளநீலத்தில் நீலம் துளிதான். பெரும்பங்கு வெள்ளை. அந்த வெள்ளையின் பெயர் டைட்டானியம் டையாக்சைடு. அதன் தாய் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கிறது.

கன்னியாகுமரியில் சுற்றுலா வந்தவர்களுக்குப் பொட்டலம் கட்டி விற்கும் பலநிற மணலை எல்லோரும் வாங்கியிருப்போம். சுசீந்திரத்துத் தாணுமாலயனுக்கும் குமரிக்கும் முடிவான கல்யாணம் நடக்காமல் போக, சமைக்காத அரிசியும் பருப்பும் மணலாகிப்போயின என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. அந்த மணலில் சிவப்பு கார்னெட். கறுப்பு இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் கலந்த கனிமம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் மழையில் இற்று, வள்ளியாறும் குழித்துறை ஆறும் கடலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவை இவை. தென்மேற்குப் பருவத்தின் அலைகள் லேசான மணலை வாரிக்கொண்டு போக, கனமான கறுப்பு கரையில் தங்கிவிடும். பல்லாயிரம் வருடமாக அலை புடைத்துச் சேர்த்த கையிருப்பு.

இந்த மணலை முதலில் தொழிலாகப் பார்த்தவர் ஜெர்மன்காரரான ஷோம்பர்க். நம் பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் கண்டுபிடித்தார். கேஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தேவையான தோரியம் அதில் உண்டு. மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார். முதல் உலகப் போர் வந்ததும் அவர் கைதாக, தொழில் பிரிட்டிஷாரிடம் போனது. அப்போது யாரும் பெரிதாக மதிக்காத இல்மனைட்டுக்கு வேறொரு வாழ்வு காத்திருந்தது. அதுவரை வெள்ளை பெயிண்ட் என்றால் பெரும்பாலும் ஈயம், அது விஷம். 1916 வாக்கில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானிய வெள்ளையைத் தொழில்முறையில் செய்யத் தொடங்கினார்கள். வைரத்தைவிட அதிகமாக ஒளியை வளைக்கும் பொருள் அது. அதனால்தான் மெல்லிய பூச்சே அடியில் இருப்பதை முழுசாக மறைக்கிறது. 1922-இல் திருவிதாங்கூர் இல்மனைட் கப்பலேறியது. இரண்டாம் உலகப் போர் வரைக்கும் உலகச் சந்தையின் பெரும்பங்கு இந்தக் கரையிலிருந்து போனது. நம் மாவட்டம் அன்று திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். மணவாளக்குறிச்சி ஆலை 1965-இல் இந்திய அருமணல் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

மணலைப் பிரிக்கும் முறையும் அழகானது. இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், மின்சாரமும் அதில் பாயும். அதே மணலிலுள்ள ரூட்டைல் என்ற கனிமத்தில் மின்சாரம் பாயும், காந்தம் இழுக்காது. சிர்கான் என்ற கனிமத்துக்கு இரண்டும் இல்லை. இந்தக் குணங்களை வைத்தே ஒவ்வொன்றையும் தனியாக்குகிறார்கள். பிறகு வேறு ஆலையில் கந்தக அமிலத்தில் கரைத்து, இரும்பை நீக்கி, சுட்டெடுத்தால் கறுப்பு வெள்ளையாகிறது. அமிலக் கழிவு மிஞ்சுகிறது. பற்பசையிலும், காகிதத்திலும், குழந்தை மாத்திரையின் மேலும், அத்தனை வெள்ளைக் கார்களிலும் இருப்பது இதுதான்.

என் கோபம் வெள்ளை நிறத்தின் மேல் இல்லை என்று இப்போது புரிகிறது. நன்றாக இருக்கும் ஒரு பூச்சைச் சுரண்டி எறிந்து, புதிதாக இன்னொன்றை அடிக்கிற அலட்சியம்தான் சுடுகிறது. ஒவ்வொரு பூச்சுக்கும் எங்கோ ஒரு கரை கொடுக்கப்பட்டிருக்கிறது. இங்கே அந்தக் கரையில் வீடுகள் உண்டு, கட்டுமரங்கள் உண்டு, மோனசைட்டால் இயற்கையிலேயே கதிர்வீச்சு அதிகமுள்ள மண்ணில் வாழும் குடும்பங்கள் உண்டு. கிள்ளியூர் வட்டத்தில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக 2024-இல் கடலோர ஊர்கள் திரண்டது இதனால்தான்.

அந்த மக்கள் வளர்ச்சிக்கு விரோதிகள் என்று பேசுகிறவர்களை நான் ஏற்கவில்லை. ஒரு நூற்றாண்டாக இந்தக் கரை உலகத்துக்கு வெள்ளை கொடுத்திருக்கிறது. எவ்வளவு மணல் எடுப்பார்கள், எந்த ஆழம்வரை, எடுத்த குழியை எதைக்கொண்டு மூடுவார்கள், மூடிய பிறகு கதிர்வீச்சை யார் அளந்து எங்கே ஒட்டுவார்கள்? இதையெல்லாம் தமிழில் எழுதி ஒவ்வொரு ஊரின் பஞ்சாயத்து ஆபீசிலும் முதலில் வைக்கட்டும். அந்தந்தத் துறையிலேயே கூட்டம் போடட்டும், மீன்பிடிக்கப் போனவர்கள் கரைக்குத் திரும்பும் நேரத்தில். அதற்குப் பிறகு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவர்கள் சொல்வதே முடிவாக இருக்க வேண்டும்.