குழாயடிக்கு முந்திய காய்ச்சல்

அண்மையில் பரிசு பெற்ற ஒரு மருத்துவ வரலாற்று நூல், தொற்றுநோயியல் 1854இல், மருத்துவர் ஜான் ஸ்னோ காலராவின் தடம் கண்ட லண்டன் பிராட் தெருக் குழாயடியில் பிறந்தது என்கிறது. பரிசளித்தவர்களும் அதையே மெச்சுகிறார்கள். தென்காசியிலிருந்து வரும் இதழ் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. காரணம் கண்டறிய மதராஸ் அரசு கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஐன்ஸ்லி தலைமையில் குழு அமைத்தது. குழுவின் அறிக்கை 1816இல், ஸ்னோவுக்கு 38 ஆண்டுகள் முன்பே, அதே லண்டனில் அச்சேறியது. மருத்துவம், புவியியல், வேளாண்மை மூன்றும் அதன் தலைப்பிலேயே இருக்கின்றன. மழையையும் மண்ணையும் பயிரையும் நோயோடு சேர்த்துப் பார்ப்பதற்குத் தொற்றுநோயியல் என்றல்லாமல் வேறென்ன பெயர்?

கெட்ட காற்றால் நோய் வரும் என்று நம்பிய இந்தக் குழுவினருக்கு இந்தப் பெருமையா என்று கேட்பார்கள். ஸ்னோவும் கிருமியைக் காட்டி நிரூபித்தவரல்லர். காலராக் கிருமியை ராபர்ட் கோக் உறுதிசெய்தது 1884இல், அதுவும் கல்கத்தாவில். முடிவு பிழையாகலாம், நோயை ஊரோடும் பருவத்தோடும் பொருத்திப் பார்க்கும் முறைதான் நிலைத்தது. அந்த முறை இங்கே கைகூடியதற்குக் காரணம் கருணையன்று. 1801இல் பாளையக்காரர்களை ஒடுக்கிய கம்பெனிக்கு ஒவ்வொரு ஊரும் வரிக்கணக்கில் இருந்தது. குடியானவன் படுத்தால் வயல் தரிசு, வயல் தரிசானால் கிஸ்தி நிலுவை. குற்றாலத்துச் சாரலில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்ததும் அதே கம்பெனிதான். இதே ஐன்ஸ்லி 1813இல் மதராஸில் வெளியிட்ட மருந்து நூலைப் புரட்டினால் சரக்குகளின் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. பின்னர் 1826இல் அதை விரித்து எழுதியபோது தமிழ் வைத்திய ஏடுகளுக்கும் பட்டியல் போட்டார். பொதிகையடியில் வாழும் நமக்கு அகத்தியர் பெயரை அங்கே காண்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் சரக்கை அடையாளம் சொன்ன வைத்தியரும் காய்ச்சலில் விழுந்த உழவரும் அந்த அறிவியலின் வரலாற்றில் எங்கே?

அப்படியானால் எல்லாமே சுரண்டலா? இல்லை. 1877 பஞ்சத்தில் இந்திய அரசு அனுப்பிய பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தபோது, சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிரைத் தாங்காது என்று விடாமல் வாதாடினார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. அரசு சேர்த்த கணக்கையே அரசுக்கு எதிராகத் திருப்பிய அந்தத் துணிவை மதிக்கிறோம். அதற்காக மற்றதை மறக்க முடியாது. பம்பாய்ப் பிளேக்குக்காக 1897இல் வந்த கொள்ளைநோய்ச் சட்டத்தில் அரசின் அதிகாரம் உண்டு, நோயாளியின் உரிமைக்கு ஒரு வரி கிடையாது. 2020இல் கொரோனாவுக்கும் அதையேதான் எடுத்தார்கள். காலனியம் முடிந்த கதை என்போர் இதற்குப் பதில் சொல்லட்டும். 1816 அறிக்கை தமிழில், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் படிக்கும் மாணவர் கைக்கு வர வேண்டும். அதற்கு அந்த நூல் பெற்ற பரிசுப் பணத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும்.