தாங்கோ, நான் செய்யிறன்



போன எபிசோடில் ஒருவர் கேட்டிருந்தார்: ஒரே வகுப்பில் கோட் எழுதத் தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையும் இருந்தால் எப்படிப் படிப்பிக்கிறது? மைக்குக்கு முன்னால் நான் மழுப்பிவிட்டேன். எழுதினால்தான் சரிவரும் போல கிடக்கு.

நான் இன்ஃபோர்மாட்டிக்கர் லேரே செய்கிற முதல் வருசப் பிள்ளைகளுக்கு மொடூல் 319 எடுக்கிறேன். லேரே செய்த ஆக்களுக்குத் தெரியும், புரோகிராமிங்குக்கு அரிச்சுவடி அதுதான். எல்லாருக்கும் 15, 16 வயசு. ஒருத்தன் சின்ன வயசிலிருந்தே மைன்கிராஃப்டுக்கு மொட் எழுதினவன். பக்கத்தில் இருக்கிறவள் பள்ளிக்கூடத்தில் ஸ்கிராட்ச் பூனையை நடக்க வைத்ததோடு சரி.

இதைத் திறமை எண்டு நினைக்காதீங்கோ. வித்தியாசத்தில் பாதி லேரே செய்கிற இடத்தால் வருகிறது. சில பெரிய கொம்பனிகள் தங்கட பிள்ளைகளை முதல் வருசம் பாசிஸ்லேர்யாருக்கு அனுப்பி, ஆற அமரப் படிக்க விடும். சின்ன இடத்தில் சேர்ந்த பிள்ளை ஹெல்ப்டெஸ்க்கில் பிரிண்டரோடு மல்லுக்கட்டும். பள்ளிக்கூடம் கிழமைக்கு ஒன்று இரண்டு நாள்தான். ஓகஸ்டில் இருந்த இடைவெளி நத்தாருக்குள் இன்னும் அகலமாகிவிடும். சோதனை மட்டும் எல்லாருக்கும் ஒன்று. 6இல் 4 எண்ட கோடும் ஒன்று.

வாத்திமார் வழக்கமாகச் செய்கிறது, தெரிந்ததைத் தெரியாததுக்குப் பக்கத்தில் இருத்துவது. நானும் செய்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் வடிவாக இருக்கும். கிட்டப் போனால் கீபோர்ட் எப்பவும் தெரிந்தவரின் கையில். மற்றது தலையாட்டிக்கொண்டு இருக்கும்.

ஒருநாள் ஒரு பெடியன் "லாஸ் மி மாஹெ" எண்டு பக்கத்துப் பிள்ளையின் லப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தான். உதவி எண்டு நினைத்துத்தான் செய்தான். எனக்கு எங்கட வீடு ஞாபகம் வந்தது. ஒன்பது வயசில் கெமைண்டே கடிதத்தை அம்மாவின் கையிலிருந்து வாங்கி "தாங்கோ, நான் பாக்கிறன்" எண்டது நான்தான். பிறகு பேங்க், வரிப் பத்திரம், எஸ்பிபி டிக்கெட். உங்களில் கனபேர் இதே வேலை பார்த்திருப்பீர்கள். அம்மா இங்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல். அவவுக்கு ஏலாது எண்டில்லை. நான் விடேல்லை.

இப்போது என் வகுப்பில் ஜோடி வேலை என்றால் கீபோர்ட் தெரியாதவரின் கையில். தெரிந்தவருக்கு வாய் மட்டும். கை வைத்தால் பத்து நிமிசம் வாயும் மூடவேணும். மொட் எழுதின பெடியனிடம் அவள் கேட்டாள்: "ஏன் இதில 0இல தொடங்குறாய்?" "அது அப்பிடித்தான்." அதுக்கு மேல் அவனிடம் பதில் இல்லை. அண்டைக்குத்தான் அவனும் படித்தான்.

அமெரிக்காவில் ஹார்வி மட் கல்லூரி வேறு வழியில் போனது. 2006 அளவில் முதல் புரோகிராமிங் பாடத்தையே முன் அனுபவம் உள்ளவர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று எனப் பிரித்தார்கள். வகுப்பை விழுங்கிக் கதைக்கிறவரைத் தனியே கூப்பிட்டு, மிச்சத்தை என் அறையில் கதைப்போம் எண்டு சொல்வார்களாம். இதோடு வேறு மாற்றங்களும் சேர, சில வருசத்தில் கணினித்துறை எடுத்தவர்களில் பெண்கள் 10 வீதமளவிலிருந்து 40 வீதமளவுக்கு வந்தார்கள். பொறாமையாகத்தான் இருக்கு. எனக்கு வகுப்பு ஒன்று, வாத்தி ஒன்று.

கெட்டிக்காரருக்கு இது அநியாயம் இல்லையா? கொஞ்சம் அநியாயம்தான். அதனால் ஜோடி வேலை கிழமைக்கு ஒரு பாடம் மட்டும். மற்ற நேரம் அவர்கள் மற்றவர்களின் கோடுக்கு டெஸ்ட் எழுதுவார்கள். சலிக்குது எண்டு முறைப்பாடு வரும். அடுத்தவன் எழுதின குப்பையை வாசிக்கிறதுக்குத்தான் நாளைக்குச் சம்பளம் எண்டு சொன்னால் 16 வயசு நம்பாது.

போன ஞாயிறு அம்மாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பேர்னுக்கு ஒரு டிக்கெட் எடுக்க இருபது நிமிசம். ஹால்ப்டாக்ஸை மாற்ற மறந்து முழுக்காசும் கட்டிவிட்டா. பிறகு தானே கண்டுபிடித்தா. பேச்சு எனக்கு: "பாத்துக்கொண்டுதானே இருந்தனி? வாயத் துறந்து சொல்லக் கூடாதோ?"