குளிர்க் கடலுக்கு எந்தக் கப்பல்?

கடந்த சில மாதங்களில் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பழைய நண்பர்கள் மூவர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "நோர்வேப் பக்கம் கப்பலில் போய்வந்தீர்களாம். நாங்களும் குளிர்ப் பிரதேசக் கடலை ஒருமுறை பார்க்க வேண்டும். எந்தக் கம்பனி நல்லது? எந்தக் கப்பலில் இடம் பதிவு செய்வது?" நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனிடம் அரசியல் கேட்பதை விட்டுவிட்டுக் கப்பல் கேட்கும் காலம் வந்துவிட்டது. வயது போகிறது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

மூவருக்கும் எழுதிய பதிலையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன். எனது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பனி என்று கேட்பதற்கு முன்னர், அந்தக் கப்பலுக்கு அந்தக் கரையில் என்ன வேலை என்று கேளுங்கள். அதற்கான பதில் கிடைத்துவிட்டால் மற்றவை எல்லாம் இலகுவாகிவிடும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 2015ஆம் ஆண்டு மகளின் குடும்பத்துடன் வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் சென்றோம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். கப்பலின் பெயர் இங்கு முக்கியமில்லை. சூதாட்டக் கூடம், நீச்சல் தடாகம், நாடக அரங்கு, நாலைந்து உணவு மண்டபங்கள் என்று மிதக்கும் நகரம் ஒன்றே அது. பனியாற்றின் முன்னால் கப்பல் நின்ற நேரத்தில் நானும் மனைவியும் மதிய உணவுக்கான வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். வெளியே இடி இடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மேல்தளத்தின் விளிம்பு முழுவதும் மனிதத் தலைகள். பனிச்சுவர் உடைந்து கடலில் விழுந்த காட்சியை அன்று மாலை அறைத் தொலைக்காட்சியில்தான் கண்டோம். குறை அந்தக் கப்பலில் மட்டும் இல்லை. நாங்கள் பார்க்கப் போனது வெளியே இருந்தது. நாங்கள் தெரிவு செய்த கப்பலோ ஆட்களை உள்ளே வைத்திருப்பதற்காகக் கட்டப்பட்டது.

அந்த ஏமாற்றம் மனதில் இருந்தபடியால்தான், ஒஸ்லோவில் வசிக்கும் பெறாமகன் 2024ஆம் ஆண்டு எங்களை அழைத்தபோது நான் உடனே சம்மதிக்கவில்லை. அவன் மூன்று வழிகளை முன்வைத்தான். ஒன்று, வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து வரும் பெரிய உல்லாசக் கப்பல். இரண்டாவது, ஹூர்திகுருத்தன் கம்பனியின் கரையோரக் கப்பல். மூன்றாவது, அதே பாதையில் ஓடும் ஹவிலா கம்பனியின் புதிய கப்பல். மனைவிக்கு முதலாவதில்தான் நாட்டம் இருந்தது. சுடச்சுடச் சோறும் கறியும் அங்குதான் கிடைக்கும் என்பது அவரது நியாயம். அதைச் சாதாரணமாக எண்ணிவிடக்கூடாது. குளிரில் வாய்க்கு ருசியான சாப்பாடு பாதிப் பயணத்துக்குச் சமம்.

பின்னைய இரண்டும் எவ்வகைக் கப்பல்கள் என்பதை விளங்கிக்கொள்ள அந்தப் பாதையின் வரலாற்றைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். வட நோர்வேக்கு ஒருகாலத்தில் ஒழுங்கான வீதியும் இல்லை, இரயிலும் இல்லை. துரொன்ஹெய்மிலிருந்து வடக்கேயுள்ள ஹம்மர்பெஸ்ட்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரை சென்றதாகச் சொல்வார்கள். பாறைகளும் தீவுகளும் நிறைந்த அக்கரையில், நீண்ட குளிர்கால இரவுகளில் கப்பல் ஓட்ட எவரும் துணியவில்லை. ரிச்சர்ட் வித் என்ற கப்டன் துணிந்தார். திசைகாட்டியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு அவரும் சகாக்களும் பாதையைக் குறித்துவைத்தார்கள். 1893 ஜூலை 2ஆம் திகதி 'வெஸ்தரோலன்' என்ற நீராவிக் கப்பல் துரொன்ஹெய்மிலிருந்து புறப்பட்டது. 'விரைவுப் பாதை' என்று பொருள்படும் ஹூர்திகுருத்தன் சேவை அன்றுதான் ஆரம்பமாயிற்று.

இன்று அப்பாதை தெற்கே பேர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்கு அருகேயுள்ள கிர்க்கெனெஸ் வரை நீள்கிறது. 34 துறைமுகங்கள். போய்வரப் பன்னிரண்டு நாட்கள். நோர்வே அரசு இச்சேவைக்குப் பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்கிறது. நீண்டகாலம் ஒரு கம்பனியின் கையில் இருந்த பாதை 2021ஆம் ஆண்டு தொடங்கிய ஒப்பந்தத்தில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஹூர்திகுருத்தனுக்கு ஏழு கப்பல்கள், ஹவிலாவுக்கு நான்கு. நேர அட்டவணை இரண்டுக்கும் ஒன்றுதான். உல்லாசப் பயணி ஏறாவிட்டாலும் இக்கப்பல்கள் போயே ஆக வேண்டும். ஏனெனில் ஊர்ச்சனமும் சரக்கும் அவற்றில்தான் ஏறுகின்றன.

இரண்டில் எது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் ஏற்பட்டது. இறுதியில் பத்திரிகைக்காரன் செய்யக்கூடியதையே செய்தோம். இரு தரப்பையும் கேட்டோம். வடக்கு நோக்கி ஹூர்திகுருத்தனில் போய், கிர்க்கெனெஸில் ஒரு நாள் தங்கி, மறுநாள் வந்த ஹவிலாவில் திரும்பினோம். பயணம் மார்ச் மாதத்தில்.

இனி ஒப்பீடு. ஹூர்திகுருத்தனின் கரையோரக் கப்பல்களிற் பெரும்பாலானவை 1990களில் கட்டப்பட்டு, பின்னர் புதுப்பிக்கப்பட்டவை. பழகிய வீட்டின் தன்மை அவற்றுக்கு உண்டு. காலடியில் இயந்திரத்தின் மெல்லிய அதிர்வு எப்போதும் இருக்கும். எனக்கு அதுவே தாலாட்டாக இருந்தது. ஹவிலாவின் நான்கு கப்பல்களும் இந்தப் பாதைக்கென்றே புதிதாகக் கட்டப்பட்டவை. இயற்கை எரிவாயுவில் ஓடுபவை. ஒவ்வொன்றிலும் 6.1 மெகாவாட் மணி கொள்ளளவுள்ள மின்கலத் தொகுதி இருக்கிறது. அதன் உதவியால் நான்கு மணிநேரம் வரை புகையும் சத்தமும் இன்றிச் செல்லலாம் என்கிறார்கள். மலைகளுக்கிடையே கப்பல் ஓசையின்றி நகரும்போது, கரையில் நாய் குரைப்பது காதில் விழுந்தது. பழைமையை விரும்புவோருக்கு முதலாவது, அமைதியை விரும்புவோருக்கு இரண்டாவது என்பதே எனது தீர்ப்பு. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, இவ்விரண்டுக்கும் பெரிய உல்லாசக் கப்பலுக்கும் இடையிலான வேறுபாட்டில் கால்வாசியும் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பல துறைமுகங்களில் கப்பல் கால் மணி அல்லது அரை மணி நேரந்தான் நிற்கும். அவற்றிற் சில நள்ளிரவில் வரும். ஒலெசுன்ட், துரொன்ஹெய்ம், துரொம்சோ, ஹொன்னிங்ஸ்வோக் போன்ற சில இடங்களில் மட்டுமே ஆறுதலாக இறங்கி நடக்கலாம். ஆட்டமும் பாட்டமும் கிடையாது. விலை மலிவுமில்லை. மாலையில் நாட்டியம் பார்க்க விரும்புபவர் இந்தப் பக்கமே வரவேண்டாம். அவர் பெரிய கப்பலில் போவதுதான் அவருக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது.

பதிவு செய்யப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய சில விடயங்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை துரொம்சோவில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. மலையும் பனியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், இரவில் துருவ ஒளியும் வேண்டும் என்றால் பெப்ரவரி இறுதியும் மார்ச்சும் உகந்தவை. துருவ ஒளி தெரியாவிட்டால் இன்னொரு பயணம் இலவசம் என்று கம்பனிகள் வாக்குறுதி தருவதுண்டு. அதற்கான மாதங்களையும் நிபந்தனைகளையும் ஊன்றி வாசியுங்கள். அறையைத் தெரிவு செய்கையில் யன்னலின் முன்னால் உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். கடல் ஒத்துவராதவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுப்பது நல்லது. இயன்றால் போக்கு, வரவு இரண்டையும் செய்யுங்கள். போகும்போது இருளில் கடந்த இடங்கள் பல திரும்பும்போது பகலில் வரும்.

இந்தக் கரை தீவுகளின் மறைவில் பெரும்பாலும் அமைதியானது. ஆனால் ஸ்தாட், ஹூஸ்தாட்விக்கா, வெஸ்ட்பியோர்டன் ஆகிய திறந்த பகுதிகளில் கடல் தன் குணத்தைக் காட்டும். 2019 மார்ச் 23ஆம் திகதி 'வைக்கிங் ஸ்கை' என்ற உல்லாசக் கப்பல் ஹூஸ்தாட்விக்காவிற் புயலுக்குள் அகப்பட்டு இயந்திரங்கள் நின்றுபோயின. மசகெண்ணெய் போதிய அளவில் இல்லாதிருந்ததே காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. கப்பலில் இருந்த 1,373 பேரில் 470க்கு மேற்பட்டோரை ஹெலிகொப்டர்கள் ஒவ்வொருவராகத் தூக்கியெடுத்தன. புயலுக்காகத் துறைமுகம் ஒன்றைத் தவிர்த்துவிட்டுப் போகும் கப்டனை ஏசாதீர்கள். அவர் உங்களுக்கு நன்மையே செய்கிறார்.

இவை எல்லாம் எந்த முகவரிடமும் கேட்டறியக்கூடியவை. நான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது வேறொன்று.

பெறாமகன் நோர்வேக்கு வந்தது 1987இல். அக்காலத்தில் எங்கள் பிள்ளைகள் பலர் அங்குள்ள மக்கள் உயர்பாடசாலைகளில் அனுமதி பெற்று வந்தார்கள். படிப்பு முடிந்ததும் பலருக்கு வேலை கிடைத்தது வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்தின் மீன் தொழிற்சாலைகளில். அந்நாட்டு இளைஞர்கள் தெற்கே போய்விட, மீன் வெட்ட ஆளில்லாமல் இருந்த கிராமங்களுக்கு யாழ்ப்பாணத்துக் கைகள் போய்ச்சேர்ந்தன. இவனும் போட்ஸ்பியோர்ட் என்ற ஊரில் நான்கு வருடம் நின்றான்.

ஓர் இரவு எட்டு மணியளவில் எங்கள் கப்பல் அந்த ஊரில் நின்றது. அரை மணி நேரந்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெரும்பாலான பயணிகள் உணவு மண்டபத்தில் இருந்தார்கள். கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்து பலகைத் தட்டுகளில் சரக்கு இறங்கியது. ஒரு கிழவி கைப்பையுடன் ஏறினார். பெறாமகன் இறங்கித் துறையில் நின்றுகொண்டு, வெளிச்சம் தெரிந்த ஒரு நீண்ட கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சித்தப்பா, அப்ப நாங்கள் இந்த மலையைப் பார்த்ததே இல்லை" என்றான். "கப்பல் வாற சத்தம் கேட்டால் கடிதம் வந்திருக்குமோ எண்டுதான் பார்ப்பம். லீவுக்குத் துரொம்சோ போறதும் இதிலைதான். எங்களுக்கு இது சி.ரி.பி. பஸ் மாதிரி."

எனக்கு அக்கணத்தில் 2006ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அந்த ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்துச் சனத்துக்குத் திருகோணமலைக் கப்பலே வீதியாயிற்று. பெயர் பதிந்து, பாதுகாப்பு அனுமதிக்கு நாட்கணக்கில் காத்திருந்து ஏறிய அக்கப்பலில் எவரும் கடலின் அழகைப் பார்க்கவில்லை. இன்றும் குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்காக நிற்பவரைக் கேட்டால், கப்பலுக்குக் கரையில் என்ன வேலை என்ற எனது கேள்விக்கு அவர் ஒரு நொடியில் பதில் சொல்லிவிடுவார்.

இதனாற்றான் சொல்கிறேன். ஒரு கரையைப் பார்க்க விரும்பினால், அக்கரைக்கு வேண்டிய கப்பலில் ஏறுங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, அந்தக் கிழவி ஏறுவதற்குக் கப்பல் தொடர்ந்து வருவதற்கு உதவும். மூவாயிரம் பேருடன் வந்து, ஊருக்குள் ஆறு மணிநேரம் நெருக்கடி கொடுத்து, புகையை விட்டுவிட்டுப் போகும் கப்பலால் ஊருக்கு வருமானம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அக்கப்பல் வராவிட்டால் அந்த ஊருக்கு ஒரு கடிதமும் தாமதமாகப் போவதில்லை.

நோர்வே அரசும் இத்திசையில் சிந்திக்கத் தொடங்கியிருக்கிறது. கெய்ராங்கர், நேரோய் போன்ற உலக மரபுரிமைப் பியோர்ட்கள் மலையிடுக்கினுள் வெகுதூரம் புகுந்திருக்கும் கடற்கழிகள். காற்றோட்டம் குறைந்த அவ்விடங்களில் கப்பற்புகை தேங்கி நிற்கும். ஆகவே, 10,000 மொத்தத் தொன்னுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்கள் 2026 ஜனவரி 1 முதல் அவற்றினுள் மாசு வெளியிடாமல் ஓட வேண்டும் என்று விதித்தார்கள். பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம் கொடுத்தார்கள். சிறியவனுக்கு முதலிற் சட்டம், பெரியவனுக்கு அவகாசம் என்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம் போலும். ஹவிலாவின் 'காஸ்டர்' 2022 ஜூனிலேயே மின்கலத்தில் மட்டும் ஓடிக் கெய்ராங்கருக்குள் போய்வந்தது. பெரிய கப்பலும் இத்தனை வருடம் காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மனைவியின் தீர்ப்பையும் பதிவு செய்துவிடுகிறேன். வடதுருவ வட்டத்தைத் தெற்கு நோக்கிக் கடந்தபோது, வழக்கப்படி எல்லோருக்கும் ஒரு கரண்டி மீனெண்ணெய் கொடுத்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியவர், "பள்ளிக்கூடத்திலை தந்த அதே எண்ணெய்" என்றார். ஒஸ்லோவுக்குத் திரும்பிச் சோறும் கறியும் சாப்பிட்ட பிறகு, அடுத்தமுறையும் இதிலேயே போகலாம் என்றும் சொன்னார்.