பார்த்துச் சொன்னதற்கும் கூலி உண்டு

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை. பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் முதலில் சொல்வது, “பேட்டரி போச்சுண்ணே.” அந்த ஒரு பேச்சுக்கு நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் கைமாறிவிடும். லோடு வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது பல நாள் வருமானம். புது பேட்டரி போட்ட சில நாளில் மறுபடியும் அதே ‘டக் டக்’ என்றால் அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் தொட்டியையா மாற்றுகிறோம்? மோட்டார் ஓடுகிறதா, குழாயில் அடைப்பா, எங்காவது ஒழுகுகிறதா என்றுதானே பார்க்கிறோம். வண்டியில் பேட்டரிதான் தொட்டி, ஆல்டர்னேட்டர்தான் மோட்டார். இன்ஜின் ஓடத் தொடங்கியபின் விளக்கு, வைப்பர், ஏசி விசிறி அத்தனைக்கும் மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழந்ததை ஈடுகட்டுவதும் அதுதான். அது படுத்துவிட்டால் பேட்டரி தனியாக எவ்வளவு நேரம் தாங்கும்? 55 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு மட்டும் ஏறத்தாழ 9 ஆம்பியர் வேண்டும். மற்றதையும் சேர்த்தால் 20 ஆம்பியரைத் தாண்டும். புத்தம்புது 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியானாலும் இரவுப் பயணத்தில் இரண்டு மணி நேரம் தாங்காது.

கோளாறு பேட்டரியிலா, ஆல்டர்னேட்டரிலா என்று கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்து லேசாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். 12-லேயே கிடந்து மெல்ல இறங்கினால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். புதிய கார்கள் சிலவற்றில் சார்ஜ் அளவைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைப்பதால் ஓடும்போது 13-க்குக் கீழே காட்டினாலும் அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. ஹெட்லைட்டைப் போட்டு இன்னொரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்த உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிய வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் ரோட்டருக்கு முதல் காந்தசக்தி கொடுக்கும் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனால் நல்ல ஆல்டர்னேட்டரும் விழித்துக்கொள்ளாமல் போகலாம். அதற்குப் பிறகுதான் ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு. தேய்ந்த கார்பனை மாற்ற ஆகும் செலவு, புது ஆல்டர்னேட்டர் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. டயோடு கசிந்தால் வண்டி சும்மா நிற்கும்போதே பேட்டரியை இரவோடு இரவாகக் காலி செய்துவிடும்.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அந்தக் கணத்தில் வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறலாம். போவது கம்ப்யூட்டராக இருந்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

இதையெல்லாம் தாண்டி யாரும் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில் அதைக் கண்ணால் பார்த்தேன். பேட்டரி மாற்றி, ஆல்டர்னேட்டரும் மாற்றி, அப்படியும் தீராமல் வந்து நின்றது ஒரு லோடு வேன். எலக்ட்ரீஷியனுக்கு அறுபது வயது இருக்கும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடம்பிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்தார். 0.2-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 1.1 வோல்ட் காட்டியது. அவ்வளவும் வழியிலேயே வீணாகிறது என்று பொருள். கீழே குனிந்து, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினார். வாஷருக்கு அடியில் துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. எமரித் தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினார். மீட்டர் 0.1-க்கு இறங்கியது, பேட்டரியில் 14.1. “ஒயரை யாரும் சந்தேகப்படறதே இல்ல தம்பி” என்றார்.

கூலி முந்நூறு ரூபாய் கேட்டார். “துடைச்சதுக்கா அண்ணே முந்நூறு?” என்றார் டிரைவர். தேவைப்படாத பாகங்களுக்கு ஆயிரக்கணக்கில் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அவரைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். கையில் ஒரு பொருள் கிடைத்தால்தான் காசுக்குப் பெறுமானம் வந்ததாக நினைக்கிறோம். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்த அறிவுக்குக் காசு கொடுக்க மனம் வருவதில்லை. அதனால்தான் பல பட்டறைகளில் அளந்து பார்ப்பதைவிடப் பாகம் விற்பது லாபமாக இருக்கிறது. நேர்மையாக அரை மணி நேரம் தேடுபவர் நஷ்டப்படுகிறார்.

இதை மாற்ற நம்மால் முடியும். அடுத்த முறை யாராவது பேட்டரி போச்சு என்றால், “மீட்டர் எவ்வளவு காட்டுது?” என்று கேளுங்கள். நிற்கும்போது, ஓடும்போது, ஹெட்லைட் போட்டபோது, எர்த் வழியில் என்று நான்கு அளவுகளையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுப்பவருக்கு, எந்தப் பாகமும் மாற்றாவிட்டாலும், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.